முகம் தெரியாதவரிடம் உதவி கேட்பதும் கொடுப்பதும்: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. "தம்பி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவி கேட்டு ஒரு மெசேஜ் அடிச்சுக் குடுங்க" என்று பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, பெரியபட்டினம் பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். அதே மெசேஜ் நாலு குழு சுற்றி, கீழக்கரைக்கோ துபாய்க்கோ போய், அங்கிருந்து எனக்கே போன் வரும்: "இது நெசமா? உங்க பக்கத்து ஆளுங்கதானே?" இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். முதலில் கேட்பவர்களின் சந்தேகங்கள், அப்புறம் கொடுப்பவர்களுடையது. இரண்டு பேரும் இரண்டையும் படித்துவிடுங்கள், எதிராளி எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

"ஆபரேஷனுக்குப் பணம் வேணும். வாட்ஸ்அப்ல போடறதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும்தான். அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆள் ஏற்கெனவே அட்மிட் ஆகிவிட்டால் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே விசாரியுங்கள். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் மாதிரி பெரிய செலவுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் ஒரு பகுதி கிடைக்க வழி உண்டு, அதற்கு எம்.பி. அலுவலகத்தில் கேட்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பதும் வீண் இல்லை.

உங்களை அலைய விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பதிவைப் படிக்கும் வெளியூர்க்காரர் கேட்கும் முதல் கேள்வியே "காப்பீடு இல்லையா?" என்பதுதான். காப்பீட்டில் சேராத செலவுகள் நிறைய இருக்கின்றன: கூட இருப்பவரின் சாப்பாடு, மதுரைக்கும் ஊருக்குமான போக்குவரத்து, வெளியே வாங்கும் மருந்து, வீடு திரும்பிய பிறகு கடலுக்குப் போக முடியாத மாதங்கள். "காப்பீட்டில் இவ்வளவு போயிற்று, மீதி இவ்வளவுக்குத்தான் கேட்கிறோம்" என்று ஒரு வரி இருந்தால், படிப்பவருக்குப் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

"தடைக்காலம், கையில காசே இல்லைன்னு பொதுவா போட்டா கொடுப்பாங்களா?"

கிடைப்பது கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு எல்லாம் கரையில்தான் கட்டிக் கிடக்கும், எல்லார் வீட்டிலும் அதே நிலைமை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023இல் இங்கே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள், அது வெளியூரிலும் தெரியும். "கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு, எதற்கு, எதுவரை என்று அவர்களுக்குப் பிடிபடாது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் கல்லூரிக்கே நேராகக் கட்ட ஒருவர் முன்வரலாம்.

"நான் உண்மையத்தானே சொல்றேன், ஏன் ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க?"

ஊரில் உங்களை நம்புவது உங்கள் சொல்லுக்காக இல்லை. படகு விபத்தில் ஒருவர் போய்விட்டால் சங்கத்துக்காரர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் செத்தவரையும் தெரியும், நோட்டைப் பிடித்திருப்பவரையும் தெரியும், நாளைக்குக் கணக்கில் இடித்தால் எந்தத் தெருவில் போய்க் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து உங்கள் மெசேஜைப் படிப்பவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் எழுதும் அதே வாக்கியங்களை, அதே கும்பிடு பொம்மைகளோடு, ஏமாற்றுக்காரனும் எழுதுகிறான். அதைவிட மோசம், நிஜமான பதிவையே அப்படியே எடுத்து க்யூஆர் கோடை மட்டும் மாற்றிப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே சந்தேகப்படுகிறார்களே என்று நொந்துகொள்ளாதீர்கள். உருக்கமாக எழுதினால் நம்புவார்கள் என்று நினைத்து இன்னும் உருக்கமாக எழுதுவதால் பயன் இல்லை, பல சமயம் எதிர்விளைவுதான். படிப்பவர் வீட்டில் இருந்தபடியே, உங்களைத் தொந்தரவு செய்யாமல், ஒரு விஷயத்தையாவது சரிபார்க்க முடிய வேண்டும். பதிவில் அதற்கு இடம் வையுங்கள்.

"அப்ப பதிவுல என்னென்ன எழுதணும்?"

கடைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படி எழுதிக்கொண்டு வருவார்கள்: "உதவும் உள்ளங்களே, உயிருக்குப் போராடும் ஏழை மீனவனைக் காப்பாற்றுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறோம், அதிகம் பகிருங்கள்." இதில் பெயர், ஊர், நோய், தொகை, தேதி ஒன்றும் இல்லை. இந்த மெசேஜ் மூன்று வருஷம் கழித்தும் சுற்றும்.

நான் மாற்றி அடித்துக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மார்ச் 3ஆம் தேதி எழுதுகிறேன். என் கணவர், வயது 38, மண்டபம் வடக்குக் கடற்கரையில் விசைப்படகுக் கூலி. வின்ச்சில் மாட்டி வலது கை எலும்பு நொறுங்கி மதுரையில் இந்த மருத்துவமனையில் பிப்ரவரி 26 முதல் இருக்கிறார், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) இது. எஸ்டிமேட் 2,40,000. காப்பீட்டில் 1,10,000 அனுமதி ஆகியிருக்கிறது. படகு ஓனர் 30,000 கொடுத்தார், நகை அடகு வைத்து 40,000 கட்டிவிட்டோம். மீதி 60,000 வேண்டும். மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் ஐபி நம்பர் சொல்லி நேராகவும் கட்டலாம். மார்ச் 10க்குப் பிறகு இந்தப் பதிவைப் பகிர வேண்டாம்." இதைப் படிக்கிறவர் கூட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும். 30,000, 40,000 என்று நீங்கள் ஏற்கெனவே புரட்டியதைச் சொல்வது ரொம்ப முக்கியம், சொந்தக்காரர்களும் முதலாளியும் கைகொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்களைத் தெரிந்தவர்கள் நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாத்தையும் போட்டோ எடுத்துப் போட்டா நம்புவாங்கல்ல?"

போடாதீர்கள். ஆதாரை ஒருவர் பார்த்தால் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியுமே தவிர, அவருக்கு நோய் இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் அந்தப் படத்தை வைத்து உங்கள் பெயரில் சிம் வாங்கவும் கடன் ஆப்பில் நுழையவும் முயற்சி நடக்கலாம். யாராவது தனியாகக் கேட்டு, கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

குழுவில் போட வேண்டியது மருத்துவமனை எஸ்டிமேட், அதுவும் தேதி, முத்திரை, ஐபி நம்பர் தெரிகிற மாதிரி. வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் பேனாவால் அடித்துவிட்டு அப்புறம் படம் எடுங்கள்.

"பிள்ளை படத்தைப் போடாம யார் மனசு இளகும்?"

இளகும், உண்மைதான், அதனால்தான் அந்தப் படத்தைத் திருடுகிறார்கள். மூக்கில் குழாய் மாட்டிய குழந்தையின் படம் ஒருமுறை வெளியே போனால் திரும்ப வராது. குழந்தை குணமாகிப் பள்ளிக்குப் போகிற காலத்திலும் வேறு யாரோ வேறு ஊர்ப் பெயரில் அதை வைத்து வசூல் செய்துகொண்டிருப்பான். முகம் தெரியாமல் கையும் ட்ரிப்ஸும் தெரிகிற படம் போதும் என்பது என் கருத்து. போட்டே தீருவேன் என்றால் படத்தின் நடுவில், ஓரத்தில் இல்லை, நடுவில், தேதியையும் மருத்துவமனைப் பெயரையும் எழுதிவிடுங்கள், வெட்டி எடுக்க முடியாது.

"பணத்த யார் கணக்குல வாங்கறது?"

மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்வது முதல் தரம். அது முடியாதபோது நோயாளி அல்லது கணவன், மனைவி, பெற்றோர் கணக்கு. "எங்க அண்ணனோட ஃப்ரெண்டு போன்லதான் ஜிபே இருக்கு" என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம், அந்த நண்பர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் சரி.

யுபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். இங்கேதான் நம் கரையில் ஒரு சிக்கல். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வேதக்கார வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் தனி. பதிவில் ஒரு பெயர் இருந்து திரையில் இன்னொன்று வந்தால் அனுப்புகிறவர் அங்கேயே நிறுத்திவிடுவார், உங்களிடம் காரணம் கேட்கவும் மாட்டார். "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வரும், அது என் மனைவி" என்று பதிவிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது.

"ஜமாத் லெட்டர், பங்குச் சாமியார் லெட்டர், சங்க லெட்டர், எது வாங்கினா மதிப்பு?"

எது என்பதைவிட, போன் செய்தால் எடுத்துப் பேசுகிற ஆளின் கடிதம்தான் மதிப்பு. லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நாளில் அடித்துவிடலாம். கடிதத்தில் தேதி, நோயாளி பெயர், எவ்வளவு தொகைக்கு, எதுவரை செல்லும் என்பது இருக்க வேண்டும். பெரும்பாலும் "இவர் எங்கள் ஜமாத்தைச் சேர்ந்தவர், மிகவும் ஏழை, உதவவும்" என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். அந்தக் கடிதத்தை வைத்து நாலு ரமலானுக்கு வசூல் பண்ணலாம், பண்ணியும் இருக்கிறார்கள். நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து முடிவுத் தேதி போடுங்கள், கொடுத்த கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

"பணம் அனுப்பறேன்னு ஒருத்தர் க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணிப் பின் போடச் சொல்றார். போடலாமா?"

கூடாது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

"வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் உங்களுக்கு 10 லட்சம் ஒதுக்கியிருக்கிறது, விடுவிக்க 8,500 கட்டணம் கட்டுங்கள்" என்பதும் இதே வகையறாதான். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது என்று தெரிந்துதான் உதவிப் பதிவுகளாகப் பார்த்து இவர்கள் நம்பர் எடுக்கிறார்கள். பதிவில் உங்கள் நம்பரைப் போட்டவுடன் இப்படி இரண்டு மூன்று அழைப்பாவது வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

"தெரியாத ஆள் 20,000 போட்டுட்டு, கை தவறிப் போச்சு, 2,000 எடுத்துக்கிட்டு மீதிய இந்த நம்பருக்கு அனுப்புங்கன்னு கெஞ்சறார்"

முதலில் வந்ததா என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எஸ்எம்எஸ்ஸும் கணக்கில்லை, வங்கி இருப்பைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பணமே வந்திருக்காது.

நிஜமாகவே வந்திருந்தால்தான் இன்னும் கவனம். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம், உங்கள் கணக்கு வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுக்கப் பார்க்கிறார்கள். பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால் பணம் போன வழியில் உள்ள கணக்குகளை முடக்குவார்கள், ஆபரேஷனுக்கு முந்தின நாள் உங்கள் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேறு நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள், என் வங்கி கேட்டால் திருப்பிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள், நீங்களும் உங்கள் கிளையில் எழுத்தில் தெரிவியுங்கள். கணக்கைச் சில நாள் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

"நிதி திரட்டித் தர்ற வெப்சைட்டுல போட்டா பணம் தானா வருமா?"

தானாக வராது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் பதிவு போட்டால் ஆவணங்களைக் கேட்டு வாங்குவார்கள், பக்கத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று எல்லாரும் பார்க்கலாம், மருத்துவமனைக்கே பணத்தை அனுப்பும் வசதியும் உண்டு. வெளியூர்க்காரருக்கு இது கொஞ்சம் தைரியம் தரும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டியது நீங்கள்தான். முதல் பத்துப் பேர் உங்கள் சொந்தக்காரர்களாகவும் கூடப் படித்தவர்களாகவும் இருந்தால்தான் பதினோராவது ஆள் கை வைப்பார். கட்டணம், பிடித்தம் பற்றி முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பவர்களுக்கு ஒன்று: சில தளங்களில் தளத்துக்கான "டிப்" ஒரு தொகையாக முன்கூட்டியே சேர்ந்திருக்கும், வேண்டாமென்றால் பணம் கட்டுமுன் குறைத்துக்கொள்ளலாம்.

"ஒரு ஃபார்வேர்ட் வந்துருக்கு. நெசமா பொய்யான்னு சட்டுனு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

இனி கொடுப்பவர்கள் பக்கம். தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த மெசேஜின் ஒரு வரியை அப்படியே கூகுளில் தேடுங்கள், பழையது என்றால் பல சமயம் அங்கேயே மாட்டும். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் வேறு மாநிலத்தில் வேறு பெயரில் வந்ததா என்று தெரியும். இப்போது ஏஐயில் செய்த படங்களும் வருகின்றன, லென்ஸில் ஒன்றும் சிக்கவில்லை என்பதால் படம் நிஜம் என்று ஆகிவிடாது.

இதையெல்லாம்விடப் பலமானது ஒரு போன். மெசேஜில் இருக்கும் நம்பருக்கு இல்லை, மருத்துவமனையின் இணையதளத்தில் உள்ள லேண்ட்லைனுக்கு. "இந்தப் பெயரில் நோயாளி இருக்கிறாரா, என்ன நோய்?" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. "இந்த ஐபி நம்பருக்கு 5,000 கட்ட வேண்டும், எப்படிக் கட்டலாம்?" என்று பில்லிங்கில் கேளுங்கள். அப்படி ஒரு நம்பரே இல்லையென்றால் உடனே சொல்லிவிடுவார்கள். இருந்தால் நீங்கள் கட்டுகிற பணம் நோயாளியின் பில்லில்தான் கழியும், அதற்கப்புறம் மெசேஜில் எழுதியிருந்த கதை கொஞ்சம் முன்பின் இருந்தால் உங்களுக்கு என்ன? கதையை நம்புவதா வேண்டாமா என்று மண்டையை உடைப்பதைவிட, பணம் எந்த வழியில் போகிறது என்று பார்ப்பது சுலபம்.

"இப்படித் துருவித் துருவிக் கேட்டா, பாவம், அவங்க மனசு புண்படாதா?"

படலாம். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "இது உண்மையா?" என்று கேட்காமல் "அக்கா, நேரா ஆஸ்பத்திரியில கட்ட நினைக்கிறேன், ஐபி நம்பர் சொல்றீங்களா?" என்று கேளுங்கள், அதில் சந்தேகமும் இல்லை, அவமானமும் இல்லை.

ஒன்று கவனியுங்கள். கோபப்பட்டால் பொய், பணிவாகப் பேசினால் நிஜம் என்று முடிவு கட்டாதீர்கள். நாலு நாள் தூக்கமில்லாமல் ஐசியூ வாசலில் கிடப்பவர் எரிந்து விழுவார், பணிவாகப் பேசுவதற்கென்றே பழகியவன் வேறு ஆள். அவசரப்படுத்துவதும் அப்படித்தான், நிஜமான ஆளுக்கும் அவசரம் உண்டு. அவர் குரலைவிட, நீங்கள் சொல்லும் மாற்று வழிக்கு அவர் ஒத்துக்கொள்கிறாரா என்பதைப் பாருங்கள்.

"ஆஸ்பத்திரியில கட்றேன்னு சொன்னதுக்கு, வேண்டாம், கையில குடுங்கன்னாங்க. அப்ப பொய்தானே?"

அவசியம் இல்லை. அரசு மருத்துவமனையில் பில்லே கிடையாது. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியிலோ மதுரை ராஜாஜியிலோ கிடப்பவருக்கு வேண்டியது கூட இருப்பவரின் இட்லிக் காசும் பஸ் காசும்தான். வேறு சிலர் வட்டிக்கு வாங்கி ஏற்கெனவே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள், இப்போது கழுத்தைப் பிடிப்பது கடன்காரர். 2003லேயே கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று, வட்டி என்னவோ நின்றபாடில்லை.

இந்த மாதிரி சமயத்தில் மருந்துக்கடைப் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டிய ரசீது ஏதாவது கேளுங்கள். மாத்திரை தொடர்ந்து வாங்குபவர் என்றால் அந்த மெடிக்கலுக்கே போன் செய்து ஒரு மாத மருந்துக்குப் பணம் போட்டுவிடலாம். ஒன்றுமே காட்ட முடியவில்லை, மனமும் கேட்கவில்லை என்றால், போனாலும் வருத்தப்படாத தொகையைக் கொடுங்கள். 200 ரூபாய் கொடுப்பதற்கு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை.

"இலங்கை நேவி புடிச்சுட்டுப் போன மீனவர் குடும்பத்துக்குன்னு வருது. அத எப்படி விசாரிக்கறது?"

மருத்துவப் பதிவைவிட இது சுலபம். பிடிபட்ட தேதி, படகின் பதிவு எண், எந்த இறங்குதளம், எத்தனை பேர் என்பது மறுநாள் பேப்பரிலேயே வந்துவிடும், மீன்வளத் துறையிடமும் விவரம் இருக்கும். அந்த இறங்குதளத்து மீனவர் சங்கத்தில் யாராவது ஒருவரைப் பிடித்தால் அந்தப் பெயர் அந்தப் படகில் இருந்ததா என்று உடனே சொல்லுவார்கள், ராமேசுவரம், பாம்பன், மண்டபம் மூன்றும் தூரம் இல்லை, ஒருவரை ஒருவர் தெரியும்.

சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசு நாள்படி உதவித்தொகை கொடுக்கிறது, ஆனால் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? இந்தச் சில வருஷமாக அங்குள்ள நீதிமன்றங்கள் பெரிய தொகை அபராதமும் போடுகின்றன, கட்டாவிட்டால் சிறை நீளும். "அபராதம் கட்ட" என்று வரும் பதிவுகள் அதனால் பொய் என்று தள்ளிவிட முடியாது. யார் கட்டுகிறார்கள், எந்த வக்கீல் வழியாக, சங்கத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். விடுதலையாகி ஊர் திரும்பிய பிறகும் அதே பதிவு சுற்றிக்கொண்டிருக்கும், பேப்பரில் அதையும் பார்த்துவிடுங்கள்.

"புயல், மழைன்னா ஆளாளுக்கு வசூல் பண்றாங்க. யாருக்குக் குடுக்கறது?"

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் ஏற்கெனவே அந்த ஊரில் இயங்கும் மன்றம், பள்ளிவாசல், சர்ச், சங்கம் ஏதாவது ஒன்றுக்குக் கொடுங்கள், மழைக்கு மறுநாள் புதிதாக முளைத்த குழுவுக்கு வேண்டாம். பழைய பாய், கிழிந்த சேலை மூட்டை மூட்டையாக அனுப்பாதீர்கள், கஜா சமயத்தில் டெல்டாவில் துணி மூட்டை ரோட்டோரம் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். யாரையும் தெரியாது என்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி இருக்கிறது.

"நான் துபாய்ல இருக்கேன். இங்க குழுவுல போட்டு நாலு பேருகிட்ட வாங்கி அனுப்பலாமா?"

உங்கள் பணத்தை நீங்கள் அனுப்பலாம். அங்கே இருந்துகொண்டு மற்றவர்களிடம் திரட்டுவதுதான் ஆபத்து. அனுமதி இல்லாமல் தனி ஆள் நன்கொடை திரட்டுவது அமீரகத்தில் குற்றம், 2021இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள், இணையத்தில் செய்தாலும் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹம். கீழக்கரைப் பிள்ளைகள் பலர் நல்ல எண்ணத்தில் ரூம் குழுவில் க்யூஆர் கோடு போடுகிறார்கள். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியை அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

இந்தியப் பக்கத்தில்: இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்ட மாமா ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் வரும். அந்த அறக்கட்டளைக்கு உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். "எங்ககிட்ட போடுங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லும் அறக்கட்டளையிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

"குடுத்ததுக்கு வரிச்சலுகை உண்டா? வாங்கினதுக்கு வரி உண்டா?"

தனி ஆளுக்குக் கொடுத்தால் சலுகை கிடையாது. 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு, ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான்.

வாங்கியவருக்கு: சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அந்த முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். மொத்தமும் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கட்ட வேண்டி வராது. லட்சக்கணக்கில் வந்தவர்கள் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள், பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

"கேட்டதுக்கு மேல வந்துடுச்சு. ஆளும் தவறிட்டார். மீதிய என்ன செய்யறது?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்கிறார்கள், கேட்டதே பெரிய விஷயம். அடக்கச் செலவுக்கும் அந்தச் சிகிச்சைக்காக வாங்கிய கடனுக்கும் எடுத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் சொல்லிவிட்டு எடுங்கள். பதிவு போட்ட அதே குழுவில்: இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு, இவர் இந்தத் தேதியில் தவறிவிட்டார், மீதி இவ்வளவு, திருப்பி வேண்டுபவர்கள் சொல்லுங்கள். திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்புறமும் மிஞ்சினால் அதே வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பில்லில் கட்டிய குடும்பங்கள் உண்டு, யார் என்று கேட்காதீர்கள். பதிவை எடுத்துவிடுங்கள், க்யூஆரை நிறுத்துங்கள், "தேவை முடிந்தது" என்று பழைய படத்தின் மேலேயே எழுதி எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

"ஏமாந்துட்டேன். இப்ப என்ன பண்றது?"

1930க்கு உடனே போன் செய்யுங்கள். அப்புறம் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கஷ்டம். மெசேஜை அழிக்காதீர்கள், பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 500 ரூபாய்தானே என்று விடுபவர்கள்தான் அதிகம், அதே ஆள் ஆயிரம் பேரிடம் 500 வாங்கியிருப்பான்.

"நான் சும்மா ஷேர் பண்ணினேன், அவ்ளோதான். பொய்னு தெரிஞ்சா என் மேல என்ன தப்பு?"

உங்களைத் தெரிந்தவர் உங்களுக்காகத்தான் பணம் போட்டார், பதிவு எழுதியவனுக்காக இல்லை. "தங்கச்சிமடத்து மாமா அனுப்பினார்னா விசாரிச்சுத்தான் அனுப்பியிருப்பார்" என்று நினைத்துக்கொள்வார்கள், மாமாவோ படிக்காமலே தட்டிவிட்டிருப்பார். அதனால் பகிரும்போது உங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "நேற்று வார்டில் போய்ப் பார்த்தேன்" அல்லது "பில்லிங்கில் கேட்டேன், ஐபி நம்பர் சரி" அல்லது "எனக்கு வந்தது, நான் விசாரிக்கவில்லை." மூன்றாவதை எழுதக் கை கூசினால் பகிர வேண்டாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே போய்விடும், குழுவில் போட்டது கிடக்கும். தேவை முடிந்தது என்று தெரிந்தால் நீங்கள் போட்ட ஒவ்வொரு குழுவிலும் போய் அதற்குக் கீழே பதில் போடுங்கள்.